அண்ணனுக்காகவா, அவனைக் கொன்றவனுக்காகவா?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து எடுத்த 18 நிமிடக் குறும்படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அண்ணனைக் கொன்றவனைத் தேடிப் போகும் தம்பியின் கதை. ஒரு காட்சியில் அவன், "எங்க அண்ணனைக் கொன்னவனைப் பழிவாங்காம ஓயமாட்டேன்" என்கிறான். "ஐ வில் நாட் ரெஸ்ட் அன்டில் ஐ அவெஞ்ச் மை பிரதர்ஸ் கில்லர்" என்று எழுதினேன். அதைப் படித்த ஒரு நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். அகராதியில் அவெஞ்ச், ரிவெஞ்ச் இரண்டுக்கும் 'பழிவாங்கு' என்றுதானே இருக்கிறது? 'நியாயமான பழி அவெஞ்ச், கெட்ட பழி ரிவெஞ்ச்' என்கிறாரே அவர், அது சரியா? இன்னும் இரண்டு வசனங்களில் சிக்கியிருக்கிறேன். வில்லன் தன் ஆளிடம் "பழி நம்ம மேல விழாமப் பாத்துக்க" என்கிறான். கடைசிக் காட்சியில் தம்பி அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று "பழிவாங்கியாச்சுண்ணே" என்கிறான். இவற்றை எப்படி எழுதுவது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் நண்பர் சிரித்ததில் தப்பில்லை. ஏன் சிரித்தார் என்றும் சொல்லியிருக்கலாம். நீங்கள் எழுதிய ஆங்கில வரியைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்தால் இப்படி வரும்: "எங்க அண்ணனைக் கொன்னவனுக்காகப் பழிவாங்காம ஓயமாட்டேன்." அதாவது, அந்தக் கொலைகாரனை வேறு யாரோ ஏதோ செய்துவிட்டார்கள், அந்த அநியாயத்தைக் கேட்க உங்கள் கதாநாயகன் கிளம்பிவிட்டான். செத்த அண்ணன் பாவம்.

இந்தத் தப்பைச் செய்யாத தமிழர் குறைவு. நானே செய்திருக்கிறேன். காரணம் அகராதி இல்லை, நம் இலக்கணம். தமிழில் 'பழிவாங்கு' என்று சொன்னதும் அதன் கண் எதிரியின் மேல் போய் நிற்கிறது. 'அவனைப் பழிவாங்கினான்' என்றால் அடி வாங்கியவன் அந்த 'அவன்'தான். யாருக்காக வாங்கினான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: 'அண்ணன் சாவுக்காகக் கொலைகாரனைப் பழிவாங்கினான்.' எதிரிக்கு 'ஐ' உருபு, இறந்தவருக்கு 'கு' உருபு.

ஆங்கில அவெஞ்ச் நேர்மாறு. அதன் கண் எப்போதும் பாதிக்கப்பட்டவர் பக்கம் இருக்கும். 'ஹி அவெஞ்ச்ட் ஹிஸ் பிரதர்', 'ஹி அவெஞ்ச்ட் ஹிஸ் பிரதர்ஸ் டெத்' இரண்டும் சரி. நேரே செயப்படுபொருளாக வருவது இறந்தவர், அல்லது நடந்த கொடுமை. எதிரியைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'ஹி அவெஞ்ச்ட் ஹிம்செல்ஃப் ஆன் தி கில்லர்' என்று 'ஆன்' போட்டுப் பின்னால் கொண்டுவரலாம், ஆனால் அது சற்றுப் புத்தக வாடை அடிக்கும். தமிழில் 'ஐ' ஏற்றவர் ஆங்கிலத்தில் 'ஆன்' என்பதற்குப் பின்னால் போகிறார். தமிழில் 'கு' ஏற்றவர் அவெஞ்சுக்கு அடுத்த இடத்தில் வந்து உட்காருகிறார். இந்த இடமாற்றத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆகவே உங்கள் வரியில் 'கில்லர்' என்ற சொல்லையும் அதற்கு முன்னால் உள்ள உடைமைக் குறியையும் எடுத்துவிடுங்கள். 'ஐ வில் நாட் ரெஸ்ட் அன்டில் ஐ அவெஞ்ச் மை பிரதர்.' முடிந்தது. "கொன்னவன் எங்கே போனான், மூலத்தில் இருக்கிறானே" என்று கேட்பீர்கள். அவெஞ்ச் என்ற சொல்லே அண்ணனுக்கு யாரோ தீங்கு செய்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. படம் பார்ப்பவருக்கு அது யார் என்று தெரியும். இன்னொரு வசதியும் கிடைக்கிறது. ஆங்கில சப்டைட்டிலில் ஒரு வரிக்கு 42 எழுத்து என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், இந்த வாக்கியம் சரியாக 42. கொலைகாரனைச் சேர்த்தால் இரண்டாம் வரிக்குப் போக வேண்டும்.

இனி ரிவெஞ்ச். இன்றைய ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் பெயர்ச்சொல். வினை வேண்டுமானால் 'டேக்' சேர்த்து 'டேக் ரிவெஞ்ச் ஆன் ஹிம்' என்பார்கள். எதற்காக என்றால் 'ஃபார்' வரும். 'டேக் அவெஞ்ச்' என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் அவெஞ்ச் வினை மட்டும்தான். அதற்கு இணையான பெயர்ச்சொல் வேண்டுமானால் 'வெஞ்சன்ஸ்'. 'ஐ வில் ரிவெஞ்ச் ஹிம்' என்று எழுதுவதும் வேண்டாம். 'ரிவெஞ்ச் வித் ஹிம்', 'ரிவெஞ்ச் டு ஹிம்' என்று எழுதிய விடைத்தாள்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். பேச்சுத் தமிழில் "என் மேல ரிவெஞ்ச் எடுக்கிறான்" என்று சொல்கிறோமே, அந்த 'மேல' கிட்டத்தட்ட 'ஆன்'தான். எழுதும்போது குழம்பினால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பரின் 'நியாயமான பழி, கெட்ட பழி' விதிக்கு வருவோம். பள்ளி இலக்கணப் புத்தகங்களில் அப்படி ஒரு வேறுபாடு உண்டு. அவெஞ்ச் பிறருக்காக, நியாயத்துக்காக. ரிவெஞ்ச் தனக்காக, ஆத்திரத்தில். முழுப் பொய் இல்லை, ஆனால் கல்வெட்டும் இல்லை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் தந்தையின் ஆவி மகனிடம் தன் கொலைக்குப் பழிவாங்கச் சொல்லும் இடத்தில் வருவது ரிவெஞ்ச், அதுவும் வினைச்சொல்லாக. தந்தைக்காக மகன் செய்ய வேண்டிய காரியம் அது, ஆனாலும் அங்கே அவெஞ்ச் இல்லை. பன்னிரண்டாம் இரவு நாடகத்தில் அவமானப்பட்ட மால்வோலியோ உங்கள் எல்லார் மேலும் பழி தீர்த்துக்கொள்கிறேன் என்று கத்திவிட்டுப் போகும்போதும் 'பி ரிவெஞ்ச்ட் ஆன்' என்றுதான் வருகிறது. ஆக அந்தக் காலத்தில் எல்லை இவ்வளவு கறாராக இல்லை. கறார் பின்னால் வந்தது.

இன்றைய வழக்கில் நான் பார்ப்பது வேறு. அவெஞ்ச் என்று எழுதுகிறவர், முதலில் ஒரு அநியாயம் நடந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறார். பழிவாங்கியவன் நல்லவனா கெட்டவனா என்பது அப்புறம். உத்தம் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஏறத்தாழ 21 ஆண்டுகள் கழித்து, 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் ஹாலில் உத்தம் சிங் மைக்கேல் ஓ'டயரைச் சுட்டுக் கொன்றார். ஜூலை 31 அன்று தூக்கிலிடப்பட்டார். (சுடச் சொன்ன ஜெனரல் டயர் வேறு, இவர் வேறு. டயர் 1927-லேயே இறந்துவிட்டார். ஓ'டயர் 1919-இல் பஞ்சாபின் துணைநிலை ஆளுநர். பெயர் ஒலி ஒன்றுபோல இருப்பதால் இருவரையும் போட்டுக் குழப்புவது வாடிக்கை.) 'ஹி அவெஞ்ச்ட் ஜாலியன்வாலா பாக்' என்று எழுதுகிறவர் 1919-இல் நடந்தது படுகொலை என்ற இடத்தில் நின்று பேசுகிறார். 'எ ரிவெஞ்ச் கில்லிங்' என்று எழுதுகிறவர் அந்த இடத்தில் நிற்க வேண்டியதில்லை. சுட்டவர் ஒருவர், சுடப்பட்டவர் ஒருவர் என்று தள்ளி நின்று சொல்லிவிடலாம். அதனால்தான் குற்றச் செய்தி எழுதும் நிருபர்களிடம் நான் சொல்வது: இன்ன கொலைக்குப் பழிவாங்கத்தான் இவர் கொல்லப்பட்டார் என்று நீங்களாக அவெஞ்ச் போடாதீர்கள், போலீஸ் சொன்னதாகப் போடுங்கள்.

விளையாட்டுப் பக்கத்தில் மட்டும் இந்த நியாய அநியாயம் எதுவும் செல்லாது. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா தோற்றது. 2025 மார்ச் 4 அன்று துபாயில் சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதியில் அதே ஆஸ்திரேலியாவை 4 விக்கெட்டில் வென்றது. இப்படி ஒரு வெற்றி வந்தால் ஆங்கிலத்தில் 'அவெஞ்ச்ட் தி டிஃபீட்' என்று எழுதலாம், நம் பத்திரிகை நடையில் 'பழிதீர்த்தது இந்தியா'. தோல்வியில் அநியாயம் ஏதுமில்லை, வயிற்றெரிச்சல்தான். ஆனால் இலக்கணம் அதேதான்: செயப்படுபொருள் டிஃபீட், ஆஸ்திரேலியா இல்லை. 'இந்தியா அவெஞ்ச்ட் ஆஸ்திரேலியா' என்று தலைப்புப் போட்டால், ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்த வேறு யாரையோ நாம் போய் அடித்ததாக ஆகிவிடும்.

தமிழில் 'பழிதீர்' என்று ஒரு சொல் இருப்பதைக் கவனித்தீர்களா? 'பழிவாங்கு'வைவிட அது அவெஞ்சுக்கு நெருக்கம். வாங்குவது எதிரியிடமிருந்து. தீர்ப்பது நம் பக்கம் நிலுவையில் இருப்பதை.

இப்போது உங்கள் வில்லனின் வசனம். "பழி நம்ம மேல விழாமப் பாத்துக்க" என்பதில் உள்ள பழி பழிவாங்கல் இல்லை, குற்றச்சாட்டு. 'மேக் ஷூர் வி டோன்ட் கெட் பிளேம்ட்' என்று எளிமையாகப் போடுங்கள். ஒரே படத்தில், ஒரே சொல் இரண்டு பொருளில் வருகிறது. ஆங்கிலத்தில் இதைக் காப்பாற்ற முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் இந்த இரட்டைப் பொருள் தமிழுக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். அவெஞ்ச், ரிவெஞ்ச், வெஞ்சன்ஸ் எல்லாம் பழைய பிரெஞ்சு வழியாக வந்தவை. அவற்றின் லத்தீன் மூலம் 'விண்டிகாரே'. 'எனக்குரியது' என்று உரிமை கோருவது, விடுவிப்பது, தண்டிப்பது எல்லாம் அந்த ஒரே வினையில் இருந்தன. அதே வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இன்னொரு சொல் 'விண்டிகேட்': மேலே விழுந்த பழி பொய் என்று நிரூபித்து ஒருவரைக் குற்றமற்றவராக நிலைநாட்டுவது.

மதுரைக்காரரான உங்களுக்கு இதை விளக்க வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. கோவலன் மேல் திருட்டுப் பழி விழுந்தது, விசாரிக்காமல் வெட்டினார்கள். கண்ணகி பாண்டியன் அவைக்கு வந்து சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். மாணிக்கப் பரல் தெறித்த அந்த நொடியில் அவள் செய்தது விண்டிகேட். கோவலன் கள்வன் அல்லன் என்று நிரூபணமாகிவிட்டது, அரசன் அங்கேயே உயிரை விட்டான். அதற்குப் பிறகு ஊரை எரித்தாளே, அது அவெஞ்ச். பழியைத் துடைத்தது முதலில், பழியை வாங்கியது பிறகு. ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஷி விண்டிகேட்டட் கோவலன்', 'ஷி அவெஞ்ச்ட் கோவலன்' என்று இரண்டிலும் கோவலன்தான் செயப்படுபொருள். மதுரை வருவதானால் 'டுக் ரிவெஞ்ச் ஆன் மதுரை'. அதிலும் முதியோர், குழந்தைகள், பசு, பத்தினிப் பெண்டிர் என்று ஒரு பட்டியலையே விட்டுவிடச் சொல்லித்தான் தீயை ஏவினாள் என்பதால், 'ஆன் மதுரை' என்று மொத்தமாக எழுதக் கொஞ்சம் கை கூசும்.

பொதுவாகச் செத்தவருக்காக இன்னொருவர் அவெஞ்ச் செய்வதுதான் முறை. பழையனூர் நீலி அதற்கும் விலக்கு. தன்னைக் கொன்றவனைத் தேடிப் பேயாக வந்து தானே கணக்கை முடித்தவள். 'ஷி அவெஞ்ச்ட் ஹெர் ஓன் மர்டர்' என்று ஒரு பெண்ணைப் பற்றி எழுதும் வாய்ப்பு எல்லா மொழிபெயர்ப்பாளருக்கும் கிடைக்காது.

நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், வேலை பறிபோன ஒரு தொழிலாளியின் மனுவை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தேன். 'சங்கத்தில் சேர்ந்ததற்காக நிர்வாகம் என்னைப் பழிவாங்குகிறது' என்று அவர் எழுதியிருந்ததை 'மேனேஜ்மென்ட் இஸ் டேக்கிங் ரிவெஞ்ச் ஆன் மி' என்று போட்டுவிட்டேன். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. மனுவைப் பார்த்த வழக்கறிஞர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு 'விக்டிமைசேஷன்' என்று எழுதினார். "இது என்ன சினிமாவா? சட்டத்துல என்ன வார்த்தை இருக்கோ அதைப் போடு" என்றார். அன்று நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் முறையற்ற தொழில் நடைமுறைகளின் பட்டியல் ஒன்று இருந்தது. தொழிலாளியை விக்டிமைசேஷனாக வேலைநீக்கம் செய்வது அதில் ஒன்று. நான் போட்ட ரிவெஞ்ச் அங்கே எதிலும் ஒட்டாத வெறும் புலம்பல்.

அன்றிலிருந்து 'பழிவாங்கல்' கண்ணில் பட்டால், எந்த வாசலில் நிற்கிறது என்று முதலில் பார்ப்பேன். தொழிலாளர் நீதிமன்றத்தில் விக்டிமைசேஷன். மேடையில் 'அரசியல் பழிவாங்கல்' என்றால் பொலிட்டிகல் வெண்டெட்டா. இதுவும் அந்த லத்தீன் வேரிலிருந்து இத்தாலி வழியாக வந்ததுதான். பொய் வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போகிறவர்களுக்கு 'ரீக்கிங் வெஞ்சன்ஸ்'. ஹரியானா அரசு எதிர் பஜன் லால் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம், எப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்யலாம் என்று ஏழு வகைகளைச் சொன்னது. அவற்றில் ஏழாவது, குற்றம் சாட்டப்பட்டவர் மேல் வஞ்சம் தீர்க்கும் உள்நோக்கத்தோடு தொடுத்த வழக்கு. அந்த வகையைச் சொல்லும் வாக்கியத்தில் இந்தத் தொடர் வருகிறது. மனு எழுதுகிறவர்களுக்கு மனப்பாடம். 'ரீக்' என்றே உச்சரிக்க வேண்டும், 'ரெக்' இல்லை. ரெக் என்றால் நொறுக்குவது. வேடிக்கை என்னவென்றால், பழைய ஆங்கிலத்தில் ரீக் என்ற வினைக்கே பழிவாங்குதல் என்ற பொருள் இருந்தது. பிரெஞ்சிலிருந்து அவெஞ்ச் வந்த பிறகு அது ஒதுங்கி, இப்போது வெஞ்சன்ஸையும் ஹேவக்கையும் (பெருநாசம்) தூக்கிச் சுமக்கும் வேலை பார்க்கிறது.

வணிகச் செய்தியில் வரும் ரிடாலியேட் இவற்றில் சேராது. அது பதிலடி. 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருட்களுக்குக் கூடுதலாக 34 சதவீத வரி அறிவித்ததும், சீனாவும் அமெரிக்கப் பொருட்களுக்கு அதே 34 சதவீதம் என்றது. சொல்லின் வேரே அதுதான்: வாங்கியது எவ்வளவோ அவ்வளவு திருப்பிக் கொடுப்பது. கண்ணுக்குக் கண் என்ற பழைய சட்டத்தின் லத்தீன் பெயரிலும் இதே வேர் உண்டு. 'ரிடாலியேட்டட் ஹிம்' என்று எழுதாமல் 'அகென்ஸ்ட்' சேர்த்தால் போதும், வேறு தொல்லை தராத சொல்.

கடைசியாக "பழிவாங்கியாச்சுண்ணே." மூன்று வழிகள் தோன்றுகின்றன. 'ஐ ஹேவ் அவெஞ்ச்ட் யூ, அண்ணா' இலக்கணப்படி கச்சிதம், ஆனால் நாடக மேடையில் சொல்வதுபோல இருக்கிறது. 'ஐ காட் ஹிம், அண்ணா' பேச்சுக்கு நெருக்கம், ஆனால் கண் எதிரியிடம் போய்விடுகிறது. 'இட்ஸ் டன், அண்ணா' யாரையும் பார்க்கவில்லை. தமிழ் வசனத்திலும் அப்படித்தான், யாரை என்றும் இல்லை, யாருக்காக என்றும் இல்லை, 'ஆச்சு' மட்டும் நிற்கிறது. படத்தை நான் பார்க்கவில்லை, நீங்கள்தான் பார்க்க வேண்டும். வசனத்தைச் சொல்லும்போது அந்தப் பையன் எதைப் பார்க்கிறான்? அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னால் முதலாவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னால் மூன்றாவது. எதுவானாலும் 'அண்ணா' அப்படியே இருக்கட்டும், 'பிரதர்' வேண்டாம்.